பேரம் பேசாத பகல்

என் மகளின் உயிருக்கு நாற்பது லட்சம் என்று விலை போட்டிருந்தார்கள். அது கோடைக்கு மட்டும். குளிர்காலமும் சேர்த்துத் தங்கினால் ஒரு கோடி.

ஓட்டலின் காலைச் சாப்பாட்டு மேசையில், வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவே அந்தக் காப்பீட்டுக் காகிதம் கிடந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். சரக்கில் சேதாரம் வரும் என்றால் விலையைக் குறைப்பதுதான் நான் பார்த்து வளர்ந்த வியாபாரம். சேதாரத்துக்குத் தகுந்தாற்போல விலை ஏறுகிற சரக்கை அன்றுதான் கண்டேன்.

"என்னப்பா, கட்டுப்படியாகலையா?" என்றாள் மகள், ரொட்டியை மென்றுகொண்டே.

"உன்னைப் பெத்த செலவே இதுக்கு மேல ஆச்சு."

"பெத்தது அம்மா. நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சீங்க."

"அந்த டீக்கு யாரு காசு குடுத்தா?"

நாங்கள் கம்பளி, போர்வை மொத்த வியாபாரிகள். வருஷத்தில் பத்து மாதம் வியர்வை ஊற்றுகிற ஊரில் கம்பளி விற்றுப் பிழைக்கிற குடும்பம் என்றால், எங்கள் வாய் எப்படிப்பட்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இவள் பாவாடை கட்டிய வயதிலேயே கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தவள். கடை ஆட்கள் இவளுக்கு வைத்த பெயர் சின்ன முதலாளி. அப்படிப்பட்டவள் போய்ப் படித்தது பனிக்கட்டி. பனிக் கண்டத்தில் ஆழமாகத் துளை போட்டு, கரும்பை உருவுவதுபோலப் பனியை உருவி எடுப்பார்களாம். அதற்குள் குமிழ் குமிழாக, மனுஷன் பேசத் தொடங்குவதற்கு முன்னால் இருந்த காற்று அடைபட்டுக் கிடக்குமாம். அந்தக் காற்றைப் படிப்பது இவள் வேலை. வெறும் காற்றை விற்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பழைய காற்றை வாங்கக் கப்பல் ஏறுகிறவளை நானே பெற்றேன்.

கப்பல் மறுநாள் விடியலில் கிளம்புகிறது. இந்தத் துறைமுக ஊரில் எங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு பகல்.

கோடைக்கு மூன்று மாதம் என்று இவள் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டாள். தகராறெல்லாம் குளிர்காலத்தைப் பற்றி. கோடை முடிந்து கப்பல் திரும்பிவிட்டால், அடுத்த கோடை வரை அங்கே எதுவும் போகாது, அங்கிருந்து எதுவும் வராது. பதினோரு பேர் இருட்டில் இருந்து துளை போடுவார்கள். மொத்தம் பதினான்கு மாதம். அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. பயணத் தலைவி அதை இவளுக்கென்று பிடித்து வைத்திருந்தாள். மாலை ஆறு மணிக்குள் துறைமுக அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் இது வெடித்து, சமையலறைப் பாத்திரங்கள் வரை பேசி ஓய்ந்த பிறகு, ஓர் உடன்படிக்கை ஆகியிருந்தது. "அப்பா துறைமுகம் வரைக்கும் வரட்டும். அங்க வச்சு அவர் வாயால சரின்னு சொன்னா பதினாலு மாசம். சொல்லலேன்னா மூணே மாசத்துல திரும்பி வந்துடறேன்." சொன்னது மகள். என் வீட்டுக்காரி உடனே ஒத்துக்கொண்டாள். அவளுக்கு என் வாய் மேல் அவ்வளவு நம்பிக்கை. விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதில் சொன்னாள்: "மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கூடாது. நீங்க ஒண்ணும் பேசவே வேண்டாம். கடையில உக்காந்திருக்கிற மாதிரி உம்முனு உக்காந்திருந்தா போதும்."

கடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விலையைச் சொன்னதும் வாயை மூடிவிட வேண்டும். போர்வையைப் பிரிக்கலாம், மடிக்கலாம், தும்மலாம், கொட்டாவி விடலாம். பேசக்கூடாது. அந்த மௌனம் தாங்காமல் முதலில் யார் வாய் திறக்கிறார்களோ, அவர்கள் இறங்கி வருவார்கள். என் அப்பா ஒருமுறை ஒரு ஜமக்காளத்துக்காக மத்தியானம் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். வாங்க வந்தவருக்குப் பசி வந்ததால் வியாபாரம் முடிந்தது.

ஆக, அன்றைக்கு என் பக்கம் பலமாகவே இருந்தது. அவள்தான் கேட்க வேண்டும். நான் பேச்சை மாற்றினால் போதும். ஆறு மணி அடித்துவிடும், மகள் மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஆனால் அவள் கேட்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்கப்பா, ஊர் சுத்தலாம்" என்றாள்.

வெளியே மூடுபனி, தெருவுக்குத் தெரு வெவ்வேறு தடிமனில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் ஒரு டிராம் வந்து நின்றது. வந்தது என்பதைவிட, அங்கேயே இருந்து இப்போது கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்லலாம். ஏறினோம். உள்ளே மர இருக்கைகள், பித்தளைப் பிடிகள், ஈரக் கோட்டு வாசனை. ஜன்னலுக்கு வெளியே ஊர் துண்டு துண்டாக மிதந்து வந்தது. ஒரு மணிக்கூண்டு, அடியில்லாமல். ஒரு பாலம், அக்கரையில்லாமல். சைக்கிளில் போன ஒருவர் எங்களுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் வந்து, பின் கரைந்துபோனார். புரியாத பாஷையில் நாலு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அர்த்தம் தெரியாவிட்டால் பேச்சும் தண்ணீர்ச் சத்தம் மாதிரிதான். கேட்டுக்கொண்டே இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியதில்லை.

அது வட்டமாகச் சுற்றுகிற டிராம் என்பது மணிக்கூண்டு மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது. இறங்கலாமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருமே அன்று கேள்வி என்ற சரக்கைக் கடையில் வைத்திருக்கவில்லை. மூன்றாவது முறையாக மணிக்கூண்டு மிதந்து வந்தபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"வீடு வாசல் இல்லையான்னு கேக்கறாரா இருக்கும்" என்றாள் மகள்.

இறங்கிய இடத்தில் ஒரு கண்ணாடி மாளிகை நின்றது. செடி வளர்க்கிற கண்ணாடி வீடு. கதவைத் திறந்ததும் எங்கள் ஊர்க் காற்று முகத்தில் அடித்தது. ஈரமும் மண்ணும் புழுக்கமும் அப்படியே. என் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போய், கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. துடைத்துப் போட்டபோது எதிரே ஒரு வாழை மரம். சுற்றிலும் வெல்வெட் கயிறு கட்டி, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்திருந்தார்கள். நீல அங்கி போட்ட தோட்டக்காரர் ஒருவர் ஏணியில் ஏறி, ஈரத் துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறேழு பேர் சத்தமில்லாமல் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நம்ம கிணத்தடியில நிக்குதே, அதுக்குத் தெரிஞ்சா பொறாமையில பட்டுப்போயிடும்" என்றேன்.

"அதுக்கு அம்மா அரிசி கழுவின தண்ணி ஊத்தறாங்க. இதுக்கு அந்தக் குடுப்பினை இல்லையேப்பா."

ஈர பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கூரையில் பனி முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. பத்து வயதுக்குப் பிறகு அது இப்போதுதான். அந்தக் கதகதப்பில் எனக்கும் கண் செருகியது.

கனவில் எங்கள் கடை. அடுக்குகளில் போர்வைக்குப் பதிலாகப் பனிப் பாளங்கள், அழகாக மடித்து, காகிதச் சீட்டு குத்தி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். "இது எந்தக் காலத்துக் காத்து?" என்று ஒருவர் பாளத்தைக் காதில் வைத்துக் கேட்டார். "மனுஷ மூச்சே படாதது, துவைச்சாலும் சுருங்காது" என்று நான் கூசாமல் சொன்னேன். முக்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண்ணாக, கால் தரையில் எட்டாமல். அவளைச் சுற்றி மட்டும் தரையெல்லாம் ஈரம். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், என் வாயிலிருந்து வெறும் குமிழாக வருகிறது.

விழித்தபோது அவள் ஏற்கெனவே விழித்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல விலை பேசறீங்கப்பா."

"எவ்வளவுக்கு முடிச்சேன்?"

"வாய்தான் அசைஞ்சுது. சத்தம் வரல."

அப்போதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஆற்றங்கரை ஓரமாகப் பழைய சாமான் சந்தை. மூடுபனிக்குள் வரிசையாக மேசைகள். பூட்டைத் தொலைத்த சாவிகள், யாருடையவோ கல்யாணப் புகைப்படங்கள், ஒற்றைக் காதணிகள். ஒரு மேசையில் கம்பளிச் சால்வை. என் கை தானாகப் போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். பாதி ஆட்டு ரோமம், பாதி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கின நூல். கடைக்காரி சிவப்புக் கன்னங்களோடு, நாலு சால்வை போர்த்தி, ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு சீட்டில் விலையை எழுதி நீட்டினாள்.

மகள் அதை வாங்கிப் பார்த்தாள். அதன் கீழே அதில் மூன்றில் ஒரு பங்கை எழுதித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு வாயை மூடினாள்.

கடைக்காரி மார்பில் அடித்துக்கொண்டாள். வானத்தைக் காட்டினாள். ஆட்டைப் போலக் கத்திக் காட்டினாள். மகள் கம்பளியை மெதுவாகப் பிரித்து, மெதுவாக மடித்து, ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. ஆற்றில் ஒரு படகு ஊதிவிட்டுப் போனது. பக்கத்து மேசைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். கடைசியில் அந்த மூட்டை அவிழ்ந்து, கைகளை விரித்து, மகள் எழுதிய எண்ணைத் தானே வட்டமிட்டுக் காட்டியது. பக்கத்து மேசைக்காரர் கை தட்டினார்.

மகள் காசைக் கொடுத்துக் கம்பளியை என் கழுத்தில் சுற்றிவிட்டாள். கடைக்காரி அவள் கன்னத்தைக் கிள்ளி, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். இப்படி ஒரு பெண்ணை எங்கே பிடித்தாய் என்று கேட்டிருக்கலாம். அல்லது இவளிடம் ஜாக்கிரதையாக இரு என்றும் இருக்கலாம்.

அங்கேதான் எனக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. பாஷை தெரியாத ஊரில், முன்பின் பார்க்காத ஒருத்தியிடம் இவ்வளவு வேலை தெரிந்தவள், என்னிடம் ஏன் ஒரு காரியமும் செய்யவில்லை? காலையிலிருந்து ஒரு கொஞ்சல் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. விலையே கேட்காத வாடிக்கையாளர் இரண்டு வகைதான். ஒன்று, சரக்கு வேண்டாதவர். இன்னொன்று, வேறெங்கோ முடித்துவிட்டு வந்தவர். இவள் எந்த வகையிலும் அடங்கவில்லை. அந்தக் காகிதத்தை வைத்த பையில் நாள் முழுக்க அடிக்கடி கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஊரில் மாலை என்று ஒன்று வரவேயில்லை. வெளிச்சம் ஒரே அளவில், பால் கலந்த தண்ணீர் மாதிரி நின்றது. அதில் மிதந்தே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். அலுவலக வாசலில் ஒரு நீண்ட மர பெஞ்சு. எதிரே கப்பல், சிவப்பாக, ஒரு தெருவை நிமிர்த்தி வைத்தாற்போல. மேல்பாதி பனிக்குள் போய்விட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், உருளைக்கிழங்கு மூட்டைகள் ஒவ்வொன்றாக அந்த வெண்மைக்குள் ஏறி மறைந்தன. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பயணத் தலைவி உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடியைக் கத்தரித்துவிட்ட, நீளமான பெண்மணி. எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பிறகு தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

உட்கார்ந்தோம். அவள் கப்பலைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அரை மணி நேரம் வாயைக் கட்டினால் வென்றேன். ஜமக்காளத்துக்காக மத்தியானம் முழுக்கக் கட்டின வம்சம்.

"ஏன் கேக்க மாட்டேங்கிற?" என்றேன்.

அவள் திரும்பினாள். "தோத்துட்டீங்க" என்றாள், சின்னக் குரலில்.

"தெரியுது. சொல்லு, ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

தலைக்கு மேல் ஒரு கடற்பறவை பனிக்குள் போய், கத்தலை மட்டும் வெளியே அனுப்பியது.

"அப்ப உனக்குப் போக வேண்டாமா?"

"வேணும்."

"அப்புறம் என்ன?"

"நாலு மாசம் விடியாதுப்பா. பல்லு வலிச்சா, கூட இருக்கிறவங்கள்ல ஒருத்தர்தான் குறடு எடுத்துக்கிட்டு வரணும். அதெல்லாம் பரவாயில்ல. இங்க உங்களுக்கோ அம்மாவுக்கோ ஒண்ணுன்னா, ஃபோன்ல கேட்டுக்கிட்டு அங்கேயே உக்காந்திருக்கணும். வர முடியாது. எவ்வளவு குடுத்தாலும் வர முடியாது."

எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்ற வார்த்தையை எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"நீங்க வாயைத் தொறக்காமலே ஆறு மணி ஆயிட்டா நல்லதுன்னு இருந்தேன்" என்றாள். "வீட்டுக்கு வந்து, அப்பாதான் விடலன்னு சொல்லிக்கலாம். காலம் பூரா உங்களைத் திட்டிக்கிட்டே நிம்மதியா இருக்கலாம்."

"நஷ்டத்தை என் பேர்ல எழுதப் பாத்திருக்க."

"ஆமா."

"அடிப்பாவி."

"உங்க பொண்ணுதானே."

எங்களைப் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பாக இருந்தது. அவள் கேட்டுவிடுவாளோ என்று நான் நாள் முழுக்க வாயைக் கட்டினேன். நான் சம்மதம் கொடுத்துவிடுவேனோ என்று அவள் வாயைக் கட்டினாள். இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் எந்தக் கடையிலும் நடந்திருக்காது. நடுவில் அந்த அழகான ஊர், விலை கேட்காமல் பிரித்துப் போட்ட போர்வையாகக் கிடந்தது.

சிரிப்பு அடங்கியதும் பார்த்தேன், அவள் காகிதத்தை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை. பயமாக இருக்கிறது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. "அப்ப வேண்டாம்மா, வா" என்று மூன்று வார்த்தை. அவள் அழுவாள், நான் கட்டிப்பிடித்துக்கொள்வேன், மூன்று மாதத்தில் வீட்டு வாசலில் அவள் செருப்பு கிடக்கும். என் வீட்டுக்காரி எனக்கு மாலை போடுவாள். வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

அப்போது அவள் விரலைப் பார்த்தேன். இருட்டு, பல் வலி, வர முடியாதது என்று குறை குறையாக அடுக்கியவள், அந்தக் காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறம் சரியில்லை, நீளம் போதாது, விலை அநியாயம் என்று அடுக்குவார்கள். ஆனால் துணியைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் விலையைக் குறைத்ததே இல்லை. அவசியம் இல்லை. வாங்கத்தான் வந்திருக்கிறார்கள்.

"எந்திரி" என்றேன்.

"எங்க?"

"உள்ள. கதவைச் சாத்திடுவாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்பா, நீங்க இன்னும் சொல்லல."

கப்பலைப் பார்த்தேன். கடைசி உருளைக்கிழங்கு மூட்டை மேலே போய்க்கொண்டிருந்தது.

"சரி" என்றேன்.

"என்னது?"

"சரின்னேன். ரெண்டு தடவை சொல்ல வைக்காத, மனசு மாறிடும்."

அவள் என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துப் புதுக் கம்பளியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் குனிந்து கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன். தலைவி எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சத்தம் கேட்கவில்லை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது.

அவளைத் தலைவியோடு கப்பலைப் பார்க்க அனுப்பிவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எவ்வளவுல முடிஞ்சுது?" என்றாள் வீட்டுக்காரி. ஹலோ கூட இல்லை.

"பதினாலு."

மறுமுனையில் பேச்சில்லை. எங்கள் கூடத்து மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளும் எங்கள் கடையில் உட்கார்ந்து பழகியவள்தான்.

"பயப்படறா" என்றேன், தாங்க முடியாமல். "ஆனா போகணும்னு இருக்கா. நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா வந்திருப்பா. வந்து நம்ம கண்ணு முன்னாடியே வாடிப்போயிருப்பா."

"அழுதாளா?"

"கொஞ்சம்."

"நீங்க?"

"இங்க ஒரே பனி. எல்லாமே ஈரமாத்தான் இருக்கு."

மின்விசிறி சுற்றியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கணக்குக்கு வருகிறாள் என்று புரிந்தது.

"நான் எவ்வளவு சொல்லி அனுப்பினேன்?"

"மூணு."

"மிச்சம் எவ்வளவு?"

"பதினொண்ணு."

"அதை யாரு தர்றது?"

"நான்தான்."

"எப்படித் தருவீங்க? அந்தப் பதினோரு மாசமும் இந்த வீட்டுல நான் யார் கூடப் பேசறது, சுவத்தோடயா? ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துடணும். தினமும். வந்து பேசணும். பேப்பருக்குப் பின்னாடி மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டு உம்முன்னு உக்காரக் கூடாது."

"எட்டு மணிக்கா? வியாபாரமே அப்பத்தான் சூடு பிடிக்கும். ஒன்பது."

"எட்டு."

நான் வாயை மூடினேன். அவளும் மூடினாள். கப்பலின் மேல்தளத்தில், பனிக்குள்ளே, மகள் யாருடனோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"எட்டரை" என்றேன்.

"எட்டு" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆக, மகளுக்கு வரவு ஒரு குளிர்காலம். என் பேரில் பற்று, பதினோரு மாதத்து ராத்திரிகள். அதில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது.